இரண்டு பிள்ளைகளும் ஒரே பள்ளியில்தான் படிக்க வேண்டுமா?

கோயம்புத்தூரிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவருடைய கணவர் பொறியாளர். நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரை ஒட்டி, சிப் உற்பத்தி இயந்திரங்கள் செய்யும் நிறுவனம் ஒன்றில் அவருக்கு நிரந்தர வேலை கிடைத்திருக்கிறது. பிப்ரவரி 1 அன்று சேர வேண்டும். மகளுக்கு 13 வயது, சி.பி.எஸ்.இ. பள்ளியில் எட்டாம் வகுப்பு படிக்கிறாள், மருத்துவராக விரும்புகிறாள். மகனுக்கு ஐந்து வயது முடிந்துவிட்டது, யு.கே.ஜி. படிக்கிறான். பேச்சு தாமதமாக வந்ததால் இரண்டு ஆண்டுகளாகப் பேச்சுப் பயிற்சிக்குப் போய்வருகிறான். "ஒரே மொழியில் பேசுங்கள்" என்று யாரோ சொன்னதன் பேரில் வீட்டில் அவனிடம் ஆங்கிலம் மட்டுமே பேசுகிறார்கள்.

ஜனவரிக் கடைசியில் நால்வரும் சேர்ந்தே கிளம்புவது, மகளின் ஆண்டுத் தேர்வைப் பற்றிக் கவலைப்படாமல் விடுவது, இருவரையும் ஒரே இன்டர்நேஷனல் பள்ளியில் சேர்ப்பது, இடம் கிடைக்காவிட்டால் ஓராண்டு இந்திய ஆன்லைன் பள்ளியில் வீட்டிலிருந்தே படிக்கவைப்பது, மூன்று நான்கு ஆண்டுகளில் ஊர் திரும்புவது என்பது அவர்களுடைய திட்டம். ஒப்பந்தத்தில் இடமாற்ற உதவி என்று இருப்பதால் பள்ளிக் கட்டணத்தை நிறுவனமே தரும் என்று நம்புகிறார்கள். பெங்களூருவில் ஒரு ஏஜென்ட் ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு இடம் உறுதி என்கிறார். மகனின் பேச்சுப் பயிற்சியைப் பள்ளியில் சொல்ல வேண்டாம் என்கிறார் உறவினர் ஒருவர். மகளைத் தன்னிடம் விட்டுவிட்டுப் போகும்படி மாமியார் சொல்கிறார். இத்தனைக்கும் நடுவில் வாசகி கேட்பது ஒன்றே ஒன்று: எந்தப் பள்ளி நல்ல பள்ளி?

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கேள்விக்கு ஒரு பள்ளியின் பெயரைச் சொல்லி நான் முடித்துவிடலாம். ஆனால் அது உங்களுக்குப் பயன்படாது. கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் "மூன்று நான்கு ஆண்டுகளில் திரும்பிவிடுவோம்" என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள் அல்லவா, எல்லாவற்றையும் தீர்மானிக்கப்போவது அந்த ஒரு வரிதான். வரும் பிப்ரவரியிலிருந்து கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்றாண்டு முடியும்போது உங்கள் மகள் பதினொன்றாம் வகுப்பின் நடுவில் இருப்பாள். நான்காண்டு முடியும்போது பன்னிரண்டாம் வகுப்பின் நடுவில் இருப்பாள். இரண்டுமே பள்ளி மாறக்கூடாத இடங்கள். ஆகவே, அவள் பன்னிரண்டாம் வகுப்பை எந்த நாட்டில் முடிக்கப்போகிறாள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பள்ளியின் பெயர் அதற்குப் பின்னால் வரட்டும். மகனுடைய நிலைமை முற்றிலும் வேறு. இருவருக்கும் ஒரே பள்ளி என்ற நிபந்தனையை நீங்கள் ஏன் வைத்துக்கொண்டீர்கள் என்பது எனக்குப் புரிகிறது. கொண்டுபோய் விடவும் அழைத்துவரவும் வசதி. ஆனால் அந்த வசதிக்காக ஒரு பிள்ளைக்குப் பொருந்தாத பள்ளியை ஏற்க வேண்டியதில்லை.

அங்கே உள்ள மூன்று வகைப் பள்ளிகள்

நெதர்லாந்தில் பெரும்பான்மையான பிள்ளைகள் படிப்பது அரசு நிதியில் நடக்கும் டச்சு மொழிப் பள்ளிகளில். அங்கே கல்விக் கட்டணம் கிடையாது. சுற்றுலா, விழா போன்றவற்றுக்காகப் பெற்றோரிடம் ஒரு சிறு தொகை கேட்பார்கள். அது விருப்பத்தின் பேரில் தருவது, தராததற்காகப் பிள்ளையை எந்த நிகழ்ச்சியிலிருந்தும் ஒதுக்கக்கூடாது என்று 2021 முதல் சட்டமே இருக்கிறது. கட்டணம் இல்லாத பள்ளி என்றதும் நம் ஊரில் மனத்தில் எழும் சித்திரத்தை அங்கே கொண்டுபோகாதீர்கள். 1917-இல் செய்த அரசியலமைப்புத் திருத்தத்துக்குப் பிறகு, அரசு நடத்தும் பள்ளிக்கும் மத அமைப்புகள் நடத்தும் பள்ளிக்கும் அரசு சமமாகவே நிதி தருகிறது. உங்கள் கணவரின் டச்சுச் சகாக்களுடைய பிள்ளைகள் பெரும்பாலும் இந்தப் பள்ளிகளில்தான் படிப்பார்கள்.

இரண்டாவது வகை, டச்சு அரசின் நிதியுதவி பெறும் சர்வதேசப் பள்ளிகள். ஆங்கில வழியில் கற்பிக்கும் இப்பள்ளிகளின் மேல்நிலைப் பிரிவுகள் பெரும்பாலும் ஐ.பி. (இன்டர்நேஷனல் பேக்கலோரியேட்) என்ற பன்னாட்டுப் பாடத்திட்டத்தைப் பின்பற்றுகின்றன. ஆண்டுக்கு ஏறத்தாழ 5,000 முதல் 10,000 யூரோ வரை ஆகும். ஐந்தோவனிலும் இத்தகைய பள்ளி ஒன்று இருக்கிறது. மூன்றாவது வகை, அரசு உதவி பெறாத தனியார் சர்வதேசப் பள்ளிகள்; அவற்றின் கட்டணம் இதைப் போல் இரண்டு மூன்று மடங்கு இருக்கும்.

இரண்டாவது வகையில், பணம் கட்டினால் யார் வேண்டுமானாலும் சேரலாம் என்று நீங்கள் நினைத்திருப்பது தவறு. அரசுப் பணம் அதில் இருப்பதால் தகுதி விதிகள் உண்டு. வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள பிள்ளையானால், பெற்றோரில் ஒருவர் குறிப்பிட்ட காலத்துக்கு நெதர்லாந்தில் பணிபுரிய வந்திருப்பதாக நிறுவனம் எழுதித் தர வேண்டும். உங்கள் கணவருடையது நிரந்தர ஒப்பந்தம் என்பதால் இந்தக் கடிதத்தின் வாசகம் முக்கியமாகிறது. ஐந்தோவன் வட்டாரப் பள்ளிகளுக்கும் நிறுவனங்களுக்கும் இது பழகிய விஷயம்தான். என்றாலும் பள்ளி எந்தப் படிவத்தைக் கேட்கிறது என்பதைப் பள்ளியிடமே கேட்டு வாங்கி, அதை நிறுவனத்தின் மனிதவளத் துறைக்கு அனுப்பி, அவர்கள் கையெழுத்திடுவார்களா என்பதை இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

கட்டணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இடமாற்ற உதவி என்றால் பெரும்பாலும் விமானச் சீட்டு, வீட்டுச் சாமான் அனுப்பும் செலவு, முதல் சில வாரங்கள் தங்கும் இடம் இவ்வளவே. பள்ளிக் கட்டணம் என்ற சொல் ஒப்பந்தத்தில் இல்லையென்றால் அது இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டிலிருந்து தகுதியுள்ள ஊழியரை வரவழைக்கும் நிறுவனங்களுக்கு டச்சு வரிச் சட்டம் தரும் சலுகையில் ஒரு பகுதியாக, சர்வதேசப் பள்ளிக் கட்டணத்தை நிறுவனம் வரியின்றி ஈடுசெய்ய முடியும். சம்பளத்தில் 30 சதவீதம் வரை வரி விலக்கு என்று உங்கள் கணவர் கேள்விப்பட்டிருப்பாரே, அந்த 30 சதவீதத்துக்கு மேற்பட்டது இது. அந்த 30 சதவீதமும் 2027 முதல் 27 ஆகக் குறைகிறது. நிறுவனம் கொடுக்கலாம் என்பதுதான் சட்டம், கொடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை. ஆனால் நிறுவனத்துக்குக் கூடுதல் வரிச்சுமை இல்லாத உதவி என்பதால், கேட்பதற்கு நல்ல நியாயம் இருக்கிறது. கையெழுத்திடுவதற்கு முன் கேட்டால் கிடைக்க வாய்ப்பு அதிகம். பிறகு கேட்டால் குறைவு.

ஆன்லைன் பள்ளித் திட்டத்தை விட்டுவிடுங்கள்

இதில் மட்டும் நான் சுற்றி வளைக்கப்போவதில்லை. நெதர்லாந்தில் பிள்ளைக்கு ஐந்து வயது முடிந்த அடுத்த மாதத்தின் முதல் நாளிலிருந்து பள்ளிக்குப் போவது கட்டாயம். 16 வயது வரை முழுநேரமாகவும், அதற்குப் பின் உரிய தகுதிச் சான்று பெறும் வரை அல்லது 18 வயது வரையும் அந்தக் கடமை தொடர்கிறது. வீட்டிலிருந்தபடி இந்திய ஆன்லைன் பள்ளியில் படிப்பது இந்தக் கடமையை நிறைவேற்றாது. விலக்குகள் மிகக் குறுகியவை, உங்களுக்குப் பொருந்தாதவை. நகராட்சியில் குடும்பத்தைப் பதிவு செய்தவுடன் பிள்ளைகளின் வயது அவர்கள் கணக்கில் ஏறிவிடும். பள்ளியில் சேர்க்கவில்லையென்றால் கட்டாயக் கல்வி அலுவலர் உங்களைத் தொடர்புகொள்வார். அபராதமும் உண்டு.

இதே சட்டம் விடுமுறையையும் கட்டுப்படுத்துகிறது. விமானச் சீட்டு மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காகவோ, பொங்கலுக்கு ஊருக்கு வரவேண்டும் என்பதற்காகவோ பள்ளி நாள்களில் பிள்ளைகளை அழைத்துவர முடியாது. தீபாவளி போன்ற சமயப் பண்டிகைக்கு, இரண்டு நாள் முன்னதாகப் பள்ளிக்குத் தெரிவித்து, பண்டிகை நாளுக்கு விடுப்பு எடுக்கலாம். நெருங்கிய உறவினரின் திருமணத்துக்குத் தலைமையாசிரியர் சில நாள் அனுமதிக்கக்கூடும். மற்றபடி கோடை விடுமுறை போன்ற பள்ளி விடுமுறைகளில்தான் வரமுடியும். கொங்கு நாட்டுக் கல்யாணங்கள் அத்தனைக்கும் வருவதாக யாருக்கும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

மகளின் நிலைமை

பதின்மூன்று வயதில் டச்சு மொழி தெரியாமல் வரும் பிள்ளையை உள்ளூர்ப் பள்ளியில் சேர்த்தால், புதிதாக வந்தவர்களுக்கான மொழி வகுப்பில் ஓரிரு ஆண்டு செலவாகும். டச்சு முறையில் பன்னிரண்டு வயதிலேயே பிள்ளைகளைத் தொழிற்கல்விப் பாதை, உயர் தொழிற்கல்விப் பாதை, பல்கலைக்கழகப் பாதை என்று பிரித்துவிடுகிறார்கள். மொழி போதாத ஒரே காரணத்தால் கெட்டிக்காரப் பிள்ளை கீழ்ப்பாதையில் வைக்கப்படும் ஆபத்து உண்மையானது. மேலே ஏற வழி இருக்கிறது, ஆனால் ஆண்டுகள் ஆகும். இருமொழிப் பள்ளிகள் என்று இணையத்தில் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். அவை டச்சு நன்றாகத் தெரிந்த பிள்ளைகளுக்குச் சில பாடங்களை ஆங்கிலத்தில் நடத்துபவை. உங்கள் மகளுக்கானவை அல்ல. ஆகவே அவளுக்குச் சர்வதேசப் பள்ளிதான் சரி என்பதில் உங்களோடு முழுமையாக உடன்படுகிறேன்.

ஆனால் அந்தப் பள்ளியில் சேர்த்தால் பன்னிரண்டாம் வகுப்பு வரை அங்கேயே முடிப்பது என்ற உறுதியோடு சேர்க்க வேண்டும். பத்தாம் வகுப்போடு திரும்பி இங்கே பதினொன்றில் சேர்ப்பது சாத்தியமே, ஆனால் பத்தாம் வகுப்பு வரையிலான ஐ.பி.-யின் நடுநிலைத் திட்டத்தில் எல்லாப் பள்ளிகளும் பத்தாம் வகுப்பு முடிவில் வெளித்தேர்வு (ஐ.பி. அமைப்பே திருத்தும் பொதுத்தேர்வு) நடத்துவதில்லை. வெறும் பள்ளி மதிப்பெண் அறிக்கையோடு வந்து நின்றால், இங்கே சமநிலைச் சான்று பெறுவதில் சிக்கல் எழலாம். அந்த எண்ணம் இருந்தால், பள்ளி வெளித்தேர்வு நடத்துகிறதா என்பதையும், அந்தச் சான்றிதழை ஏற்பார்களா என்று சி.பி.எஸ்.இ. வாரியத்திடமும் இப்போதே எழுத்தில் கேட்டுவிடுங்கள். பத்தாம் வகுப்பின் இடையிலோ பன்னிரண்டாம் வகுப்பின் இடையிலோ திரும்பலாம் என்ற நினைப்பே வேண்டாம். சி.பி.எஸ்.இ. ஒன்பதாம் வகுப்பிலேயே மாணவரைப் பதிவு செய்கிறது, பத்திலும் பன்னிரண்டிலும் நேரடிச் சேர்க்கையைப் பொதுவாக அனுமதிப்பதில்லை.

மருத்துவப் படிப்பைப் பற்றி நீங்கள் நினைத்துப் பார்த்திருக்காத ஒன்று உண்டு. ஐ.பி.-யின் கடைசி இரண்டாண்டுப் பட்டயப் படிப்பைப் பன்னிரண்டாம் வகுப்புக்குச் சமமாக இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் ஏற்கிறது. ஆனால் அதன் வழக்கமான பாட அமைப்பில் இரண்டு அறிவியல் பாடங்களுக்குத்தான் இடம். இங்கே மருத்துவம் படிக்க இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் வேண்டும். பள்ளி ஐ.பி. அமைப்பிடம் தனி அனுமதி வாங்கி மூன்றையும் எடுக்கவைக்க முடியும். எல்லாப் பள்ளிகளும் அதற்கு முன்வருவதில்லை, கால அட்டவணை இடங்கொடுக்காமலும் போகலாம். இதைச் சேர்க்கைக்கு முந்தைய நேர்காணலிலேயே கேளுங்கள். அதற்கு மேல் நீட் தேர்வுக்குத் தனியாகப் படிக்க வேண்டும், தமிழ்நாட்டு மாநில ஒதுக்கீட்டுக்கு இருப்பிடச் சான்று முதலியவற்றைத் திரட்ட வேண்டும். நெதர்லாந்திலேயே மருத்துவம் படிப்பதென்றால், அங்கே பெரும்பாலும் டச்சு மொழியில்தான் கற்பிக்கிறார்கள், இடங்களும் வரம்புக்குட்பட்டவை. முதல் நாளிலிருந்தே அவள் டச்சு மொழியை ஊன்றிப் படிக்க வேண்டியிருக்கும்.

உங்கள் மாமியாரின் யோசனையைக் கடிதத்தில் கொஞ்சம் எரிச்சலோடு எழுதியிருக்கிறீர்கள். அதை அப்படியே தள்ளிவிட முடியாது. இந்தியாவில்தான் மருத்துவம் என்பது அசைக்க முடியாத முடிவானால், இங்கே தாத்தா பாட்டியோடு இருந்து பன்னிரண்டாம் வகுப்பை முடிப்பது கல்விக் கணக்கில் நேரான வழி. 18 வயது முடிவதற்குள் எப்போது வேண்டுமானாலும் அவளை உங்களோடு சேர்த்துக்கொள்ளக் குடியேற்ற விதிகளின்படி விண்ணப்பிக்கலாம். ஆனால் 13 முதல் 17 வரையிலான வயதில் ஒரு பெண் பிள்ளை தாயைவிட்டு இருப்பதன் விலையை எந்த மதிப்பெண்ணாலும் கணக்கிட முடியாது என்பது என் எண்ணம். பதின்மூன்று வயது ஆசைகள் மாறக்கூடியவை என்பதையும் இத்தனை ஆண்டுகளில் நிறையப் பார்த்திருக்கிறேன். நான் உங்கள் இடத்தில் இருந்தால் அவளை அழைத்துப்போவேன். அதைவிட முக்கியமாக, உங்கள் நீண்ட கடிதத்தில் எல்லோருடைய கருத்தும் இருக்கிறது, அவளுடையது மட்டும் இல்லை. அங்கேயே பன்னிரண்டு வரை முடிப்பது, பத்தாம் வகுப்போடு திரும்புவது, பாட்டியிடம் இருந்து இங்கேயே படிப்பது என்ற மூன்று வழிகளையும் அவள் முன் வைத்து, சாதக பாதகங்களை மறைக்காமல் சொல்லி, ஒரு வாரம் அவகாசம் கொடுத்துக் கேளுங்கள்.

மகனின் நிலைமை

இவனுக்கு டச்சுப் பள்ளியே பொருத்தம் என்று கருதுகிறேன். அங்கே நான்கு வயதில் தொடங்கும் தொடக்கப்பள்ளியின் முதல் இரண்டு வகுப்புகள் விளையாட்டும் பேச்சும் பாட்டுமாகவே நடக்கும். முறையாக எழுதப் படிக்கச் சொல்லித்தருவது ஏறக்குறைய ஆறு வயதில், அதற்கடுத்த மூன்றாவது வகுப்பில்தான். "யு.கே.ஜி.-யில் மூன்றெழுத்துச் சொற்களை வாசிக்கிறான், அங்கே போனால் பின்தங்கிவிடுவான்" என்று கவலைப்படுகிறீர்கள். பேச்சு தாமதமான ஒரு பிள்ளைக்கு, எழுத்தைத் திணிக்காமல் பேசவைக்கும் காலம் இழப்பாகாது. ஆங்கிலமும் போய்விடாது; டச்சுப் பிள்ளைகள் தொடக்கப்பள்ளியிலேயே ஆங்கிலம் கற்கிறார்கள், வீட்டில் அக்காவிடமும் அவன் கேட்பான்.

மொழியைப் பற்றிய ஒரு தவறான அறிவுரையை இனித் தொடர வேண்டாம். ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகளைக் கேட்டு வளர்வதால் பேச்சுக் குறைபாடு வருவதில்லை, வீட்டு மொழியை நிறுத்துவதால் அது குணமாவதுமில்லை. பேச்சு தாமதமான பிள்ளையிடமும் பெற்றோர் தமக்கு இயல்பாக வரும் மொழியில் பேசுவதுதான் நல்லது என்பதே இன்று பேச்சுப் பயிற்சித் துறையினர் சொல்வது. இன்றிரவே தமிழுக்குத் திரும்பிவிடுங்கள். அதற்கு இன்னொரு நடைமுறைக் காரணமும் உண்டு: 2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டத்தின்படி, தமிழ்நாட்டில் சி.பி.எஸ்.இ. பள்ளிகள் உட்படப் பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயப் பாடம். நீங்கள் திரும்பும்போது அவன் நான்காவதிலோ ஐந்தாவதிலோ சேரவேண்டியிருக்கும். கணக்கையும் அறிவியலையும் எளிதாகப் பிடித்துவிடுவான், தமிழ் எழுத்துத் தெரியாவிட்டால் திணறுவான். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகம் நடத்தும் சான்றிதழ் வகுப்புகள் இருக்கின்றன. அங்குள்ள தமிழ்க் குடும்பங்களிடம் வார இறுதித் தமிழ் வகுப்பு நடக்கிறதா என்றும் விசாரியுங்கள்.

பேச்சுப் பயிற்சியை மறைக்கச் சொன்ன உறவினர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். இங்குள்ள சில பள்ளிகளின் சேர்க்கை முறை நமக்கு அந்தப் பயத்தைப் பழக்கியிருக்கிறது. அங்கே நிலைமை தலைகீழ். 2014 முதல், அரசு நிதி பெறும் பள்ளியில் எழுத்து மூலம் விண்ணப்பித்தால், கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளைக்குத் தன்னிடமோ வேறொரு பள்ளியிலோ பொருத்தமான இடத்தைத் தேடித் தருவது அந்தப் பள்ளியின் சட்டக் கடமை. ஆறு வாரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும், தேவையானால் நான்கு வாரம் நீட்டிக்கலாம். தேவையை நீங்கள் சொன்னால்தான் இந்தக் கடமை உயிர்பெறும். தனியார் சர்வதேசப் பள்ளிகளுக்கு இந்தக் கடமை கிடையாது; மறைத்துச் சேர்த்து, பிறகு தெரியவந்தால் வேறு பள்ளி பாருங்கள் என்று சொல்லிவிட அவர்களால் முடியும். பயிற்சியாளரிடமிருந்து ஆங்கிலத்தில் விரிவான அறிக்கை வாங்கிக்கொள்ளுங்கள். 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு அடிப்படை மருத்துவக் காப்பீட்டில் பிரீமியம் கிடையாது, பேச்சுப் பயிற்சியும் அதில் அடங்கும்.

பல டச்சுப் பள்ளிகள் புதன்கிழமை நண்பகலோடு முடிந்துவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள். உங்கள் வசிப்பு அனுமதி அட்டையில் நீங்களும் அங்கே வேலைக்குப் போகலாம் என்பதால், பள்ளிக்குப் பிந்தைய பராமரிப்பு மையத்தில் இடம் தேடுவதும் உங்கள் பட்டியலில் இருக்க வேண்டும்.

எப்போது கிளம்புவது, என்னென்ன செய்வது

ஜனவரியில் நால்வரும் கிளம்ப வேண்டாம். கணவர் முதலில் போகட்டும். ஐந்தோவன் வட்டாரத்தில் வீடு கிடைப்பதே பெரும்பாடு. வீட்டு முகவரி தெரியாமல் மகனுக்கு அக்கம்பக்கத்துப் பள்ளியைத் தேட முடியாது. மகள் மார்ச்சில் எட்டாம் வகுப்புத் தேர்வை எழுதி முடிக்கட்டும்; முழு ஆண்டு மதிப்பெண் அறிக்கை இல்லாமல் பள்ளி மாறுவது வீணான தலைவலி. கோடையில் நீங்கள் மூவரும் போனால், ஆகஸ்ட் பிற்பகுதியையொட்டித் தொடங்கும் புதிய கல்வியாண்டில் இருவரும் எல்லாப் பிள்ளைகளோடும் சேர்ந்தே தொடங்கலாம். நுழைவு விசா பாஸ்போர்ட்டில் ஒட்டிய பின் 90 நாள்தான் செல்லும் என்பதால் அதற்கான நாளைப் பயண நாளோடு பொருத்தித் திட்டமிடுங்கள்.

மகளுக்கான விண்ணப்பத்தை மட்டும் கோடை வரை ஒத்திப்போடாதீர்கள். இந்த மாதமே அனுப்புங்கள். காத்திருப்போர் பட்டியல் இருக்கக்கூடும். பள்ளியின் இணையதளம் வழியாக நீங்களே நேரடியாக விண்ணப்பிக்கலாம். எந்த இடைத்தரகராலும் இடத்தை உறுதிசெய்ய முடியாது, அந்த ஒன்றரை லட்சத்தை வைத்துக்கொள்ளுங்கள். கடந்த இரண்டு ஆண்டு மதிப்பெண் அறிக்கைகள், மாற்றுச் சான்றிதழ், தடுப்பூசிப் பதிவு, அப்போஸ்டில் முத்திரை (வெளிநாட்டில் செல்லுபடியாவதற்கான அரசு முத்திரை) பெற்ற பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றைத் தயாராக வையுங்கள். மகளின் வகுப்பை அவர்கள் பெரும்பாலும் வயதைக் கொண்டே தீர்மானிப்பார்கள். ஒரு வகுப்பு கீழே வைத்தால் அதை அவமானமாக எடுத்துக்கொள்ளாமல், பன்னிரண்டாம் வகுப்பு எந்த ஆண்டில் முடியும் என்பதை மட்டும் மறுபடி கணக்கிட்டுப் பாருங்கள்.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு இன்னும் பத்து நாள் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதற்குள் உங்கள் கணவர் மனிதவளத் துறைக்கு ஒரே மின்னஞ்சலில் மூன்று கேள்விகளை அனுப்பட்டும்: சர்வதேசப் பள்ளிக்கான கடிதத்தை அந்தப் பள்ளி கேட்கும் வாசகத்தில் தருவீர்களா, கட்டணத்தில் எவ்வளவு பங்கை எத்தனை ஆண்டுக்கு ஏற்பீர்கள், குடும்பம் ஆறு மாதம் கழித்து வந்தாலும் இடமாற்ற உதவி செல்லுமா. பதில்கள் எழுத்தில் வந்த பிறகு கையெழுத்திடச் சொல்லுங்கள்.